யாழ் கற்பிக்கும் பாடம்

சிதம்பரம் இரயில் நிலையத்துக்குக் கிழக்கே இருப்புப்பாதையைக் கடந்தால், 1929-இல் தோன்றிய பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்து அண்ணாமலை நகர் விரிகிறது. அங்குச் செல்லுந்தோறும் நம் நினைவில் எழுபவர் விபுலானந்த அடிகள். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் கத்தோலிக்கக் குருக்களிடம் பயின்ற அவர், 1931 முதல் 1933 வரை இங்கே தமிழ்ப் பேராசிரியராய் விளங்கினார்.

பழந்தமிழரின் யாழ் அந்நாளில் ஏட்டிலே மட்டும் எஞ்சியிருந்தது, கருவியுமில்லை, மீட்டுவாருமில்லை. அடிகள் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை ஆராய்ந்து, கணித அறிவின் துணையால் சுருதி அளவுகளைக் கண்டார். பல்லாண்டு உழைப்பின் கனியாகிய யாழ்நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அவர் ஆய்வின்படி அமைந்த யாழ்களும் அங்கே ஒலித்தன. மறுமாதமே அடிகள் மறைந்தார்.

ஐரோப்பாவிலும் இத்தகைய பணி நடந்ததுண்டு. சிதைந்திருந்த கிரகோரியன் இசையை, பிரான்சு நாட்டுச் சொலேம் மடத்துத் துறவியர் பழஞ்சுவடிகளை ஒப்புநோக்கிச் சீராக்கினர். அதனை நாள்தோறும் செபத்தில் பாடியும் வந்தனர். ஆதலால் அது இன்றும் வாழ்கின்றது. யாழோ அரிதாகவே கேட்கிறது.

ஆய்வு இசையைக் கண்டெடுக்கும். நாவே அதைக் காக்கும். நம் திருச்சபையின் மைந்தர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) இயற்றிய கீர்த்தனைகள் நம் ஆலயங்களில் எத்தனை ஒலிக்கின்றன? தவக்காலப் பழம்பாடல்களை அறிந்த முதியோர் நம் இல்லங்களில் இன்னும் உள்ளனர். அன்பர்களே, இன்று மாலைச் செபம் முடிந்ததும் ஒரு பாடலையேனும் அவர்களைப் பாடச்சொல்லிப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக.