கணவாய் ஓடும் ஒரு சிறு குழாயும்

கணவாய் ஓட்டை அறியாத பிள்ளை எங்கள் மூதூர்ப் பக்கம் இருக்காது. கிளிக்கூட்டுக் கம்பியில் அதைச் செருகி வைப்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் அதற்குக் கடல்நுரை என்று பெயர். நகை செய்பவர்கள் அதில் அச்சுக் குடைந்து வெள்ளி வார்ப்பதும் உண்டு. உடம்புக்குள் இருப்பதால் அதை எலும்பு என்றே நினைக்கிறோம். ஆனால் அது ஓடு. சங்கும் சிப்பியும் வெளியே சுமப்பதை ஓட்டுக் கணவாய் உள்ளே சுமக்கிறது. குறுக்கே உடைத்துப் பார்த்தால் மெல்லிய தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். இரண்டு தட்டுகளுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு சிறு வெளியும் ஓர் அறை.

அந்த அறைகள் எதற்கு என்பதை அறிய, கணவாயின் உறவான நோட்டிலசைப் பார்க்க வேண்டும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளின் கடல்களில், நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்தில் அது வாழ்கிறது. வளர்ந்த ஒன்றின் சுருண்ட ஓட்டில் 30க்கும் மேற்பட்ட அறைகள் இருக்கும். ஆனால் அது குடியிருப்பது கடைசி அறையில் மட்டும்தான். வளர வளர முன்னால் நகர்ந்து, பின்னால் ஒரு சுவர் எழுப்பிக்கொள்ளும். என்றாலும் விட்டுவந்த அறைகளை அது கைவிடுவதில்லை. ஒவ்வொரு சுவரிலும் ஒரு துளை உண்டு. அந்தத் துளைகள் வழியாக முதல் அறைவரை உயிருள்ள ஓர் இழை, மெல்லிய குழாய்க்குள் ஓடுகிறது. விலங்கியலில் இதற்குச் சைபங்கிள் என்று பெயர். சிறு குழாய் என்பதே அந்த இலத்தீன் சொல்லின் பொருள்.

நோட்டிலஸ் தன் அறைகளில் காற்றை நிரப்பி மேலே வருகிறது என்று 17ஆம் நூற்றாண்டிலேயே ரொபர்ட் ஹூக் ஊகித்தார். உண்மையான முறை 1960களில்தான் தெளிவானது. இங்கிலாந்தின் பிளிமத் ஆய்வுகூடத்தில் எரிக் டென்டனும் ஜோன் கில்பின்-பிரவுனும் முதலில் கணவாய் ஓட்டையும் பின்னர் நோட்டிலசையும் ஆராய்ந்தார்கள். புதிய அறை முதலில் நீரால் நிறைந்திருக்கிறது. குழாயின் உயிரணுக்கள் அந்த நீரிலுள்ள உப்பை இழுத்தெடுக்கின்றன. உப்புப் போகும் பக்கம் நீரும் போகும். கருவாடு போட உப்புத் தடவிய மீனிலிருந்து நீர் கசிவதை நம் வீடுகளிலேயே பார்க்கிறோமே, அதே விதிதான். நீர் வெளியேறிய வெற்றிடத்துக்குள் வாயு பிறகு மெதுவாகப் பரவுகிறது. அதன் அழுத்தம் நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. கணவாயில் தனிக் குழாய் கிடையாது. ஓட்டின் அடிப்பக்கத்தில் படிந்த மென்சவ்வு இதே வேலையைச் செய்கிறது.

இந்த விலங்கைத் தேடி அலைந்த ஒருவருக்கு இலங்கையோடும் தொடர்புண்டு. ஆர்தர் வில்லி என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் 1890களில் நோட்டிலசின் கருவளர்ச்சியைக் கண்டறியப் பசிபிக் தீவுகளில் சில ஆண்டுகள் தங்கினார். முட்டைகள் கிடைத்தன. வளரும் கரு கிடைக்கவில்லை. 1902இல் அவர் கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக வந்தார்.

சைபங்கிளைப் பற்றிப் படித்தபோது எனக்கு வாப்பாவின் கணக்குக் கொப்பி ஞாபகம் வந்தது. வாப்பா மீன் வியாபாரி. இலங்கைத்துறை முகத்துவாரத்தில் ஒரு சம்மாட்டியிடம் மீன் எடுத்து, மூதூரில் விற்று, வாரக் கடைசியில் காசு கொடுப்பார். வாப்பாவுக்கு அவர் அண்ணன். வாப்பா அவருக்குத் தம்பி. 2006 ஆகஸ்ட்டில் மூதூரில் சண்டை மூண்டது. எங்கள் ஆட்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள். ஈச்சிலம்பற்றுப் பக்கத்துத் தமிழ்ச் சனம் வெருகலைக் கடந்து வாகரைக்கு ஓடியது. அந்த வாரக் காசு கொடுபடவில்லை.

நான் அப்போது பிறக்கவில்லை. உம்மா சொல்லித்தான் தெரியும். உடுத்த உடுப்போடு ஓடியபோதும் வாப்பாவின் சட்டைப் பையில் அந்தக் கொப்பி இருந்ததாம். "அவன்ட ஆட்கள், எங்கட ஆட்கள் என்று கதைக்கிற நேரம். யாரு இனி அங்க போய்க் காசு கொடுக்கிற?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்களாம். கடனோடு மௌத்தாகக் கூடாது என்று மட்டும் வாப்பா சொன்னாராம்.

இரண்டு பக்கமும் ஊர் திரும்பிய பிறகு வாப்பா இலங்கைத்துறைக்குப் போனார். அண்ணன் கூரையில்லாத வீட்டுக்கு ஓலை கட்டிக்கொண்டிருந்தார். படகும் இல்லை, இயந்திரமும் இல்லை. வாப்பா காசை எண்ணிக் கொடுத்தபோது அவர் வாங்க மறுத்து, "நீயும் எல்லாத்தையும் விட்டுட்டுத்தானே ஓடினாய்" என்றாராம். அவருடைய மனைவிதான் அதை வாங்கி, அந்தக் காசிலேயே வலை நூல் எடுத்தார்.

நோட்டிலசின் குழாய் ஒரு நாளில் ஓர் அறையைக் காலி செய்வதில்லை. துளித்துளியாகத்தான் இறைக்கும். நின்றுபோனால் ஆழ்கடலின் அழுத்தத்தில் நீர் மெல்ல மெல்லத் திரும்பக் கசிந்து, ஓடு கனத்துவிடும். எங்களிடையேயும் சில அறைகளில் இன்னும் நீர் நிற்கிறது. மூதூரில் சிலர் இலங்கைத்துறைக்குப் போவதை விட்டுவிட்டார்கள். அங்கும் எங்களோடு கதைக்காதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இப்போது அந்த அண்ணனின் மகன்தான் படகு விடுகிறார். கணவாய் பட்டால் விடியற்காலையில் வாப்பாவின் போன் அடிக்கும். சுபஹ் தொழுதுவிட்டு வாப்பா ஐஸ் பெட்டியைக் கட்டுவார். கொப்பி இப்போதும் சட்டைப் பையில்தான்.