சுவருள் உறங்கிய கம்பி

நம் பழைய விடுதியின் மேற்கு மாடியை அறியாத மாணவர் இலர். இரண்டடிக் கனமுள்ள அதன் கருங்கற் சுவர்கள் கோடை வெப்பத்தைத் தடுப்பது போலவே, கம்பியில்லாச் செய்தியலைகளையும் தடுப்பன. ஆதலின் அங்கு வாழ்வோர் கணிப்பொறியிற் பாடங்களை வருவித்துப் படிக்க வேண்டின், இரவில் அலுவலகத் திண்ணைக்கு இறங்கி வருதல் வழக்கமாயிருந்தது. கைப்பொருளுடையோர் செல்பேசியைச் சன்னலோரம் வைத்துத் தம் காரியத்தை முடித்துக்கொண்டனர். இல்லாதாரே கொசுக்கடியில் அமர்ந்தனர். இவ்வேற்றுமையை யான் பொறுக்க மாட்டாதவனானேன்.

புதிய கம்பி இழுத்தாலென்ன என்பீர்கள். வழக்கமான வலைக்கம்பி 100 மீட்டர் வரைக்கே உரியது. தாழ்வாரமும் படியும் சுற்றி மாடியை அடையும் வழியோ 130 மீட்டர். சுவரைத் துளைக்கவும் உத்தரவில்லை. ஆனால், மணியோசை அடங்கிப் பல்லாண்டுகளான உள் டெலிபோனின் கம்பி சுவரில் அப்படியே கிடந்தது. முறுக்கிய இரண்டு செம்பிழைகள், அவ்வளவே. இவ்வாறு இழைகளை முறுக்கும் உபாயத்திற்குக் கிரஹாம் பெல் 1881-ஆம் ஆண்டிலேயே உரிமை பெற்றார். வெளியிரைச்சல் இரண்டிழையிலும் ஒருபடித்தாய் விழுதலால், இரண்டின் வேற்றுமையை மட்டும் நோக்கும் கருவிக்கு அது பெரும்பாலும் தோன்றாது.

குரலைக் கொண்டுசெல்ல டெலிபோனுக்கு வினாடிக்கு 3,400 அதிர்வு வரை போதும். அதற்கு மேலே கிடக்கும் பரந்த வெளியிற் கணிப்பொறிச் செய்தியை ஏற்றலாம். வீட்டு டெலிபோன் கம்பியிலேயே வலையமைப்பதற்கென அமெரிக்காவில் 1998-இல் ஹோம்பிஎன்ஏ என்னும் கூட்டமைப்பு எழுந்தது. யாங்கள் கையாண்டது அதற்குப் பின்வந்த விடிஎஸ்எல்-2 முறை. கம்பியின் இரு முனையிலும் ஒவ்வொரு சிறு பெட்டி; வேறொன்றும் வேண்டுவதில்லை.

முதல் நாள் வினாடிக்கு 12 மெகாபிட்டே கிடைத்தது. கம்பி வேலை செய்யும் பெரியவர் பெட்டியை ஏறெடுத்தும் பாராமல் சுவரையே தடவிக்கொண்டு நடந்தார். உணவறையருகே, எக்கருவியிலும் சேராது தொங்கிய ஒரு கிளைக்கம்பியைக் கண்டு வெட்டினார். கிளையின் முனையில் மோதித் திரும்பும் அலை, பின்வரும் அலையைக் குலைக்கும் என்று நூல்கள் கூறுவதை அவர் விரல்கள் எந்நூலும் கல்லாமலே அறிந்திருந்தன! உடனே 41 மெகாபிட் ஏறிற்று.

இப்பொழுது திண்ணை பெரும்பாலும் வெறுமையே. எனினும் இரவு ஒன்பது மணிக்கு முப்பது பேர் ஒருங்கே அமர்கையில் ஓட்டம் தளர்கின்றது. இரண்டொருவர் பாயுடன் கீழே இறங்குவதை நேற்றுங் கண்டேன். அதே உறைக்குள் இன்னும் ஓரிணை கிடப்பதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார். வருகிற சனிக்கிழமை அதன் முனையைத் தேடப் போகிறோம்.