மலையடிவாரத்து ஆஸ்பத்திரி

பூலாம்பாடிக்கு நாங்கள் போனது ஆஸ்பத்திரி பார்க்க அல்ல, கல்யாணம் பார்க்க. என் மனைவியின் அத்தை அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவர். அத்தையின் பேத்திக்குக் கல்யாணம். "ஏங்க, பேனாவையும் நோட்டுப் புத்தகத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்" என்று புறப்படும்போதே உத்தரவாகிவிட்டது. நோட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டேன். பேனா மட்டும் சட்டைப் பையோடு வந்துவிட்டது. அது என் குற்றமல்ல.

பெரம்பலூரில் பஸ் ஏறினால் இருபுறமும் மக்காச்சோளமும் பருத்தியுமாக வருகிறது. நடுநடுவே சின்ன வெங்காயக் காடு. அரும்பாவூர் வந்ததும் பட்டறைகளில் உளிச் சத்தம் கேட்கும். அங்கே மரத்தில் சுவாமி சிலைகள் செதுக்குகிறார்கள். 2020-ல் அந்தச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு அருகில்தான் பூலாம்பாடி. ஊருக்கு எங்கே நின்று பார்த்தாலும் பச்சைமலை தெரிகிறது. பெயருக்கு ஏற்ற பச்சை.

கல்யாணச் சந்தடி ஓய்ந்த பிறகு, திண்ணையில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை வெற்றிலைத் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்போ ரோடு இருக்கு, 108 வண்டி இருக்கு, கண்ணு. நான் வாக்கப்பட்டு வந்த காலத்துலே ஏது? ஒரு மூங்கில் கம்புலே போர்வையைத் தூளியாக் கட்டி, பிள்ளைத்தாச்சியை அதிலே போட்டு, முன்னே ரெண்டு பேர் பின்னே ரெண்டு பேர் தூக்கிட்டு இறங்குவாங்க. சில தூளி அடிவாரத்துக்கு வரும்போதே..."

அத்தை முடிக்கவில்லை. பாக்கு வெட்டியை எடுத்துக்கொண்டார்.

அன்று இரவு என் மனைவிக்குத் தூக்கம் வரவில்லை. "அந்த மலையில் இருப்பவர்கள் யார்?" என்று கேட்டாள். மலையாளிகள் என்று சொன்னேன். கேரளத்தோடு அந்தப் பெயருக்குச் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள், அவ்வளவுதான். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று அண்ணன் தம்பிகள் சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என்று பிரிந்து குடியேறினார்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. கல்வராயன் மலைப் பக்கமும் அதே ஜனங்கள்தாம். அங்கே சித்தேரி மலைக்கும் கல்வராயனுக்கும் நடுவில், தருமபுரி ஜில்லாவில், சிட்டிலிங்கி என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. தூளியில் தூக்கப்பட்டு வந்த பெண்களின் பேத்திகளே அங்கே ஆஸ்பத்திரி நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததைச் சொன்னேன்.

"படித்தவர்களா?"

"முதலில் சேர்ந்தவர்கள் எட்டாவது, பத்தாவது படித்த பெண்கள்."

"எட்டாவது படித்த பெண் பிரசவம் பார்ப்பாளா?" என்றாள். சற்றுப் பொறுத்து, "வீட்டுக்குப் போகிற வழியில் அதைப் பார்த்துவிட்டே போவோம்" என்றாள். அது வீட்டுக்குப் போகிற வழியே அல்ல என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை.

ஆத்தூர், சேலம், அரூர். அரூரில் வேறு பஸ். நரிப்பள்ளி, கோட்டப்பட்டி தாண்டியதும் காடு வந்துவிடுகிறது. ஜன்னல் வழியே குளிர்ந்த காற்றும், கூடவே கொஞ்சம் புழுதியும். மலைகள் இரண்டு பக்கமும் விலகி நிற்க, நடுவில் கம்பும் நெல்லும் மஞ்சளும் விளையும் வயல்கள். இவ்வளவு அழகான இடத்தில் குழந்தைகள் அப்படிச் செத்தன என்று நம்புவது கடினமாயிருக்கிறது.

ஆனால் செத்தன. 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் மனைவி டாக்டர் லலிதாவும் இங்கே வந்தபோது, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயது முடிவதற்குள் இறந்துகொண்டிருந்தன. ஏழு தொட்டிலுக்கு ஒரு தொட்டில் காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சை வேண்டுமானால் சேலத்துக்கோ தருமபுரிக்கோ போக வேண்டும். பஸ் கிடைத்தால்.

இருவரும் கேரளத்தில் ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். திண்டுக்கல் அருகே காந்திகிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது, சாதாரணப் பேதிக்கும் இருமலுக்கும்கூட எத்தனையோ மைல் கடந்து ஜனங்கள் வருவதைக் கண்டார்கள். ஜனங்கள் இருக்கும் இடத்துக்கு டாக்டர் போனால் என்ன என்று தோன்றியது. ஒரு வருஷம் நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊர்க்காரர்கள் ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார்கள். ஒரு நூறு வாட் பல்பு, ஒரு பெஞ்சு. அதுதான் ஆஸ்பத்திரி. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகுதான் பத்துப் படுக்கைகளோடு கட்டடம் வந்தது. இன்று முப்பதுக்கு மேல் படுக்கைகள். ஆபரேஷன் அறையும் பரிசோதனைச் சாலையும் இருக்கின்றன.

குடிசையில் வைத்தியம் பார்த்தது பெரிய காரியம்தான். ஆனால் என் அபிப்பிராயத்தில் அதைவிடத் துணிச்சலான காரியம் வேறொன்று. பட்டணத்திலிருந்து நர்ஸ்கள் வர மாட்டார்கள், வந்தாலும் தங்க மாட்டார்கள் என்பது சீக்கிரமே தெரிந்துபோயிற்று. உடனே, பள்ளத்தாக்கின் பெண்களையே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்கள். உடம்பின் பாகங்கள், காய்ச்சலின் வகைகள், ஊசி, மருந்தின் அளவு, கடைசியில் பிரசவம். ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, வருஷக் கணக்கில். பிறகு அவர்களே அடுத்து வந்த பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மருந்துக் கொட்டடி, ரத்தப் பரிசோதனை, ஆபரேஷனுக்கு உதவி எல்லாவற்றிலும் உள்ளூர்க்காரர்களே இருக்கிறார்கள்.

இன்னொரு கூட்டமும் உண்டு. கிராமங்களில் பேறு கண்ட, நாலு பேர் சொல்லுக்குக் கட்டுப்படும் நடுத்தர வயதுப் பெண்களை ஊராரே தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். இவர்களில் பலருக்கு எழுத்துவாசனை கிடையாது. தங்கள் ஊரில் யார் கர்ப்பம், எந்தக் குழந்தை எடை கூடவில்லை, யாருக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று கவனிப்பது இவர்கள் வேலை. அவர்களில் ஒருவர் தொங்கும் தராசில் துணித் தூளியை மாட்டி ஒரு குழந்தையை நிறுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தோம். குழந்தை ஓங்கி அழுதது. என் மனைவி அந்தத் தூளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே மரத்தடியில் நோயாளிகளோடு வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பட்டணத்து ஆஸ்பத்திரிகளில் நர்ஸைக் கண்டால் நாம் சற்று ஒதுங்கி நிற்போமல்லவா? இங்கே, "ஏ பிள்ளே, உங்க ஆத்தா எப்படி இருக்கா?" என்று ஒரு கிழவி நர்ஸை நிறுத்தி விசாரித்துவிட்டுத்தான் தன் வயிற்று வலியைச் சொன்னாள். இந்த உரிமையைச் சம்பளம் கொடுத்து வரவழைக்க முடியாது. மலைத் தெய்வத்தின் கோபம் என்று நோயை வீட்டுக்குள் வைத்திருந்தவர்களை வெளியே அழைத்து வந்தது இந்தப் பேச்சுத்தான் என்று நினைக்கிறேன்.

குழந்தை மரணம் ஆயிரத்துக்கு இருபது அளவுக்கு இறங்கிற்று. ஆனால் பத்து ஆண்டு கழித்து டாக்டர்கள் ஊர் ஊராக நடந்துபோய் ஜனங்களைக் கேட்டபோது, வந்த குறை வியாதியைப் பற்றியதல்ல. விவசாயம் கட்டுப்படியாகவில்லை, பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போய்விடுகிறார்கள் என்றார்கள். ஆகையால் ரசாயன உரமில்லாத விவசாயத்துக்கு ஒரு சங்கம் பிறந்தது. பள்ளத்தாக்கில் லம்பாடிகளும் இருக்கிறார்கள். அவர்களுடைய பூத்தையல் கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தது. நினைவிலிருந்தது இரண்டு மூதாட்டிகளுக்குத்தான். அவர்களிடம் மற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். அந்தச் சங்கத்துக்குப் 'போர்கை' என்று பெயர். லம்பாடிப் பேச்சில் பெருமை என்று அர்த்தம். ஆஸ்பத்திரி எங்கே முடிந்து ஊர் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியவில்லை.

வேலூர் கிறிஸ்துவ ஆஸ்பத்திரியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஐடா ஸ்கடர் இளம்பெண்ணாயிருந்தபோது ஒரே இரவில் மூன்று வீட்டார், ஆண் வைத்தியரை உள்ளே விட மனமின்றி, பிரசவத்துக்கு அவரை அழைத்தார்கள். அவர் வைத்தியம் படிக்காதவர், போக முடியவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். அவர் டாக்டராகத் திரும்பி வந்து 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் வேலூர் ஆஸ்பத்திரி. 1909-ல் நர்ஸ்களுக்குப் பயிற்சிப் பள்ளி வைத்தார். அவரும் முதலில் பெண்களைத்தான் தேடினார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நர்ஸ்களுக்கு இங்கே பஞ்சமில்லை. வந்து தங்கும் டாக்டர்களைத் தேடுவதுதான் இம்மாதிரி இடங்களில் எல்லாம் கஷ்டம். படித்த பிள்ளைக்கு டாக்டர் மாப்பிள்ளை தேடும் பெற்றோர், மாப்பிள்ளைக்கு எந்த ஊரில் வேலை என்று கேட்கும்போது, "சிட்டிலிங்கி" என்ற பதிலுக்கு என்ன சொல்வார்களோ!

திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அத்தைக்கென்று என் மனைவி ஒரு பூத்தையல் பை வாங்கியிருந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் பூலாம்பாடிக்குப் போன் போட்டு, பையின் நிறம், கண்ணாடித் துண்டு எல்லாவற்றையும் வர்ணித்தாள்.

"பை இருக்கட்டும்டி. அந்தப் பொண்ணுங்க நெசமாவே பிரசவம் பாக்குதுங்களா? யாரு சொல்லிக் குடுத்தா? அதை முதல்லே சொல்லு" என்றார் அத்தை.

என் மனைவி குடிசையிலிருந்து ஆரம்பித்தாள். அரூர் பஸ் நிலையம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.