பற்றைகள் மூடிய பாதையில் சைக்கிள் பயணம்

மாங்குளத்தில் ஏ-9 வீதியிலிருந்து பிரிந்து முல்லைத்தீவுக்குச் செல்கிறது ஏ-34 வீதி. இடையில் வருவது ஒட்டுசுட்டான். தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தால் பெயர்பெற்ற ஊர் இது. முத்தையன்கட்டுக் குளமும் இப்பிரதேசத்திலேயே உள்ளது. பிரதான வீதியால் போகிறவருக்குக் கஷ்டம் தெரியாது. வயலுக்கும் தோட்டத்துக்கும் இறங்கும் பாதைகளின் கதை வேறு. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மாரி மழையோடு இரு பக்கப் பற்றைகளும் வளர்ந்து பாதையை மூடிவிடும். ஒரு சைக்கிள் ரயர் போகுமளவு தடம் மட்டுமே எஞ்சும்.

குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் சிலரைச் சந்திக்கத் தை மாதக் கடைசியில் அப்படியொரு பாதையால் போனேன். நான்கு பெண்கள் சைக்கிளில் துணைக்கு வந்தார்கள். காரையும் சூரையும் நாயுண்ணியும் இரு பக்கமும் கால்களை உரசின. காஞ்சோன்றி பட்ட இடம் எரிந்தது. பார்த்தீனியமும் அங்கங்கே பூத்து நின்றது. சிலருக்கு அது பட்டாலே தோல் அழற்சி வரும். பாலை மரங்களின் நிழலும் குளத்துக் காற்றும் அந்தப் பாதையின் அழகு. ஆனால் அதை அண்ணாந்து ரசிக்க முடியவில்லை. கண் முழுவதும் தரையிலேயே இருந்தது.

ஓரிடத்தில் இளைப்பாறியபோது அவர்களின் கால்களைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே புதிதும் பழையதுமாகக் கீறல்கள். "முள்ளுக்குப் பயந்தால் கூலிக்குப் போகேலாது தங்கச்சி" என்றார் மூத்தவர். அவருக்குச் சலரோகம். சென்ற ஆண்டு சிறு கீறலொன்று புண்ணாகி, ஆற இரண்டு மாதம் எடுத்ததாம். அந்த இரண்டு மாதமும் வருமானம் இல்லை. இன்னொருத்திக்கு வலது கால் செயற்கைக் கால். "எனக்கு மிஞ்சினது இந்த ஒரு கால்தானே அக்கா. இதைத்தான் பொத்திப் பொத்திப் பார்க்கிறன்" என்றாள். கிழிந்த ஜீன்ஸ் ஒன்றின் கால்துண்டை இடது காலில் மாட்டி, மேலும் கீழும் இலாஸ்ரிக் போட்டிருந்தாள். நான் கண்டவற்றுள் மிகப் பயனுள்ள கால்காப்பு அதுதான்.

மலைப்பாதைகளில் சைக்கிள் ஓடுவதை விளையாட்டாகக் கொண்டவர்களும் இப்படித்தான் தெரிவு செய்கிறார்கள். வேகமாக இறங்கி விழுந்து அடிபடக்கூடிய இடத்துக்குத் தடித்த பிளாஸ்ரிக் தட்டு வைத்த காப்பு. பற்றைக்குள் போவதற்கு மெல்லிய, உறுதியான துணிக் காப்பு. எங்கள் பாதையில் எமக்குத் தேவை இரண்டாவதுதான். பாரமானதை இரண்டு நாள் போடுவோம், மூன்றாம் நாள் வியர்க்கிறது என்று வீட்டில் விட்டுவிடுவோம்.

தையல் தெரிந்த சகோதரிகள் இதை ஒரு மணித்தியாலத்தில் தைக்கலாம். பழைய ஜீன்ஸ் அல்லது நெருக்கமாக நெய்த தடித்த பருத்தித் துணி போதும். முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால் வரை அளவெடுங்கள். முள் கூடுதலாகப் படுவது முன்பக்கம். அங்கே மட்டும் இரட்டைத் துணி வையுங்கள். பின்பக்கம் ஒற்றைத் துணியாக இருந்தால் காற்றுப் படும். உரப்பை முள்ளைத் தடுத்தாலும் வியர்வையை வெளியே விடாது. ஜீன்ஸ் நனைந்தால் பாரமாகும், காய நேரமெடுக்கும். எனவே இரண்டு சோடி வைத்திருப்பது நல்லது. நாடா தொங்கக்கூடாது, செயினில் சிக்கும். இலாஸ்ரிக்கைக் கழற்றியதும் தோலில் ஆழமான தடம் இருந்தால் அது கூடுதல் இறுக்கம். போட்டபின் சைக்கிளில் ஏறிச் சிறிது தூரம் மிதித்துப் பாருங்கள். முழங்கால் தடையின்றி மடிய வேண்டும். பாதத்துக்குச் செருப்பை விட மூடிய சப்பாத்தும் மேசும் பாதுகாப்பு.

கீறலைச் சிறிதென்று விடக்கூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து தோலிலுள்ள காயங்கள் ஊடாக உடலுக்குள் செல்கிறது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் இந்நோயால் உயிரிழப்புகளும் ஏற்பட்டன. வயலில் இறங்குவோர் முற்காப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். வீடு திரும்பியதும் சவர்க்காரமிட்டுக் கால்களைக் கழுவி, உண்ணி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். காய்ச்சல் வந்தால் வயலுக்கோ பற்றைக்குள்ளோ போனதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

துணிக் காப்பு பாம்புக் கடியை நிச்சயமாகத் தடுக்கும் என்று நம்பவேண்டாம். கடித்தால் வெட்டவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. காலை அசைக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

எந்தக் காப்பும் தடுக்காத ஆபத்து ஒன்றும் இருக்கிறது. போர் முடிந்தது 2009இல். கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை இணைந்தது 2017இல். எங்கள் மண்ணில் கண்ணிவெடிகள் பெருமளவு அகற்றப்பட்டுள்ளன. ஆனாலும் புதைந்திருப்பவை மழையில் வெளிப்படலாம். முள் குத்துகிறது என்று, பழகிய தடத்தை விட்டுப் பற்றைக்குள் சுற்றிப் போகாதீர்கள். சந்தேகமான பொருளைத் தொடாமல், வந்த வழியே திரும்பிக் கிராம சேவையாளருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

பாதை துப்புரவாக இருந்தால் இத்தனை காப்பும் தேவைப்படாது. அந்தக் கிராமத்து மாதர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசினோம். பற்றை வெட்டித் தருமாறு பிரதேச சபைக்குக் கடிதம் எழுதுவதென்றும், தாமதமானால் அன்றாடம் புழங்கும் பகுதியின் ஓரத்தை மட்டும் சிரமதானத்தில் வெட்டுவதென்றும் முடிவானது. கடிதத்தில் முதற் கையொப்பம் இட்டவள் அந்த ஜீன்ஸ் துண்டுக்காரி. அவளிடம் மாதிரி வாங்கித் தைக்க மூன்று பேர் அன்றே பெயர் கொடுத்தார்கள். உங்கள் ஊரிலும் இப்படிப் பாதைகள் இருந்தால், அடுத்த கூட்டத்தில் நீங்களும் இதைப் பேசுங்கள்.