தெரியாத நம்பரில் வருகிற மகன்

துபாயில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், குரலைப் பதிவுசெய்தும் அனுப்பலாம். நேரடியாகப் பேச மட்டும் வழியில்லை. இணையவழிப் பேச்சு இங்கே அனுமதி பெற்ற செயலிகளுக்கு மட்டுமே. போடிம் அவற்றில் ஒன்று. சில வருடங்களுக்கு முன் அதற்கென்று மாதம் 50 திர்ஹம் தனிப் பேக்கேஜ் போட்டோம். கட்டட வேலைக்கு வந்த பையனுக்கு அது சின்னக் காசா?

அதனால் லேபர் கேம்ப்பில் யாராவது ஒரு அண்ணன் "இதுல பேசு தம்பி, சல்லிசு" என்று வேறொரு ஆப்பைக் காட்டிக்கொடுப்பார். அதில் கூப்பிட்டால் ஊரில் +971 தெரியாது. ஏதோ ஓர் இந்திய மொபைல் எண்தான் தெரியும். பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் அம்மா மாதிரி ஆட்கள் "யாரோ லோன்காரன்" என்று கட் பண்ணிவிடுவார்கள்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதற்கு பெங்களூருவே பதில் சொன்னது. 2021 ஜூனில் நகரப் போலீசும் ராணுவ உளவுப் பிரிவும் சேர்ந்து அங்கே ஒரு கள்ள டெலிபோன் எக்ஸ்சேஞ்சைப் பிடித்தார்கள். 30 சிம் பாக்ஸ். ஒவ்வொன்றிலும் 32 சிம், ஆக 960. பிறகும் இப்படிச் சில பிடிபட்டன. வளைகுடாவில் பேசும் குரல் இணையம் வழியாக ஒரு வாடகை அறைக்கு வரும். பெட்டியில் சும்மா இருக்கும் ஒரு சிம் அதை உள்ளூர் கால் ஆக்கி வெளியே விடும். அவ்வளவுதான் வித்தை.

லாபம் எங்கே? வெளிநாட்டு அழைப்பு முறையாக உள்ளே வந்தால், எடுத்துக்கொடுக்கும் இந்திய நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு 35 முதல் 65 பைசா வரை தரவேண்டும் என்று 2020இல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்தது. உள்நாட்டு அழைப்புக்கோ 2021 ஜனவரி 1 முதல் அந்தக் கட்டணம் பூஜ்யம். இந்தச் சந்தில்தான் கள்ள எக்ஸ்சேஞ்ச் குடித்தனம் நடத்துகிறது.

துபாயை மட்டும் சொல்வானேன், நம் இந்திய அரசும் இணையப் பேச்சை ஒரே நாளில் திறந்துவிடவில்லை. 2002 ஏப்ரலில் அனுமதித்தபோது கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டு போனுக்குப் பேசலாம், உள்நாட்டு போனுக்குக் கூடாது என்றார்கள். அந்தக் கதவு சரியாகத் திறந்தது 2018இல்தான்.

கேம்ப் பையன்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மகன் குரல் வந்த அதே பெட்டி வழியாக அடுத்த நிமிடம் "உங்க கேஒய்சி முடிஞ்சுபோச்சு" என்பவனும் வருவான். போலீஸ் தேடிப்போனால் கிடைப்பது எவனோ ஓர் அப்பாவியின் ஆதாரில் வாங்கிய சிம். பெட்டிகளைப் பறிமுதல் செய்கிறார்கள், சரி. அந்த 35 பைசாவை யார் பறிமுதல் செய்வது?