சேர்வராயன் மலையும் கடல் கடந்த கச்சேரியும்

சேலத்து வெயிலில் வெந்தவர்களுக்கு ஏற்காடு ஒரு வரப்பிரசாதம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே சென்றால், மூங்கிற் புதர்கள் பின்தங்கி, சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகள் வரிசை வரிசையாகத் தென்படுகின்றன. ஏரியையும் படகையும் பற்றிப் பலர் எழுதிவிட்டனர். நமது மனத்தைப் பிடித்துக்கொண்டது அந்தக் காப்பிச் செடியேயாகும்.

1820 முதல் 1829 வரை சேலம் ஜில்லாக் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இம்மலையில் காப்பியைப் பயிராக்கினார். ஏறக்குறைய அதே காலத்தில் கடலுக்கப்பால் கண்டிச் சீமையிலும் காப்பித் தோட்டங்கள் தோன்றின. சேலம், திருச்சி, மதுரை, தஞ்சை ஜில்லாக்களிலிருந்து ஏழை மக்கள் கங்காணியின் பின்னே அங்கு சென்றார்கள். இரண்டு இடத்திலும் பயிர் ஒன்றே. துரைமாரும் ஒரே ஜாதி. ஆயினும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு.

லேடீஸ் ஸீட் என்னும் பாறைமுனையில் நின்று பார்த்தால் அது விளங்கும். சேலம் நகரம் காலடியில் விரிந்து கிடக்கிறது. வானம் தெளிந்த நாளில் மேட்டூர் நீர்த்தேக்கமும் தெரியும். இம்மலைத் தோட்டத்தில் கூலி குறைந்தால், தொழிலாளி கீழே இறங்கிக் கலெக்டர் கச்சேரியில் மனுக் கொடுக்கலாம். மனு பலித்ததா என்பது வேறு விஷயம். கண்டியிலிருந்தவன் எந்தக் கச்சேரிக்கு இறங்குவான்? அங்கே "துண்டு" என்று ஒரு சீட்டு இருந்தது. அவனுடைய கடன் தீர்ந்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்று அதில் எழுதியிருக்கும். கடனோ தீருவதில்லை. 1921-இல்தான் அம்முறை ஒழிந்தது.

மறு வருஷம் இந்தியாவில் குடியேற்றச் சட்டம் பிறந்தது. அதன்படி 1923-இல் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவர் கண்டியில் அமர்ந்தார். தேசம் அடிமைப்பட்டிருந்த காலத்தில் நமக்கென ஸ்தானிகர் ஏது? ஆயினும் இன்று தூதரகம் செய்யும் வேலையில் ஒரு பகுதியை அவர் செய்தார். தோட்டங்களைச் சென்று பார்ப்பார்; குறைகளைக் கேட்பார். வந்து ஒரு வருஷத்துக்குள் உடல் நலிந்தவரையும், தகாத வேலையிலோ அநியாயத்திலோ சிக்கியவரையும் செலவின்றி ஊருக்குத் திருப்பியனுப்ப விதிகள் இடம் கொடுத்தன. துரைமாருக்கு உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. விசாரிக்கலாம், எழுதலாம், அவ்வளவே. ஆனாலும் எழுதுவதற்கு ஓர் ஆள் இருப்பது சிறிய காரியமன்று. 1927-இல் இலங்கையில் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கச் சட்டம் வந்தது.

சுதந்திரத்தின்போது கொழும்புக்கு ஹைகமிஷனராகச் சென்றவர் தொழிலாளர் தலைவரான வி. வி. கிரி. காமன்வெல்த் நாடுகளில் தூதரகத்துக்கு அப்பெயரே வழக்கம். 1948-இல் இலங்கையின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதவராக்கிற்று. 1964-இல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று ஒதுக்கியது. அம்மக்களை யாரும் கேட்டுச் செய்ததல்ல. பாஸ்போர்ட் பெற்ற குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கின. கண்டியில் இந்திய உதவி ஹைகமிஷன் இன்றும் இருக்கிறது.

இப்போது மலையிலிருந்து வெளியேறுகிறவர்கள் வேறு விதம். ஏற்காட்டில் 1917-இல் தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளி போன்ற விடுதிப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் மேற்படிப்புக்குப் பரதேசம் போகிறார்கள். பெற்றோர் நம்மிடம் கட்டணத்தைக் கேட்பார்கள், குளிரைக் கேட்பார்கள், சைவச் சாப்பாடு உண்டா என்று கட்டாயம் கேட்பார்கள். தூதரகம் எந்த ஊரிலிருக்கிறது என்று கேட்டவர் அபூர்வம்.

பாஸ்போர்ட் தொலைந்தால் ஊர் திரும்ப அவசரச் சான்றுச் சீட்டுத் தருவதும், பத்திரங்களுக்கு அத்தாட்சி செய்வதும், அங்கே பிறந்த குழந்தையைப் பதிவு செய்வதும், சிறைப்பட்டவரைச் சென்று பார்ப்பதும் அதன் கடமைகள். 2009-இல் ஏற்பட்ட சமூக நல நிதியிலிருந்து, கதியற்றவருக்குத் தங்குமிடமும் விமானச் சீட்டும் கிடைக்கும். இறந்தவரின் உடலை ஊருக்கனுப்பவும் அது உதவும். பிறர் கடனை அது அடைக்காது. அந்நாட்டுக் கோர்ட்டின் தீர்ப்பை மாற்றவும் இயலாது.

2022 பிப்ரவரியில் உக்ரைனில் யுத்தம் மூண்டபோது அங்கே வைத்தியம் படித்த நம் பிள்ளைகள் ஏராளம். "ஆபரேஷன் கங்கா"வில் 90 விமானங்கள் பறந்தன. சுமார் 22,500 இந்தியர் திரும்பினர். ஆனால் மார்ச் 2-ஆம் தேதி, கார்கிவ் நகரிலிருந்தவர்களுக்குத் தூதரகத்தால் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது மாலைக்குள் வெளியேறுங்கள். எல்லைவரை வந்து சேர்ந்தவர்களைத்தான் விமானம் ஏற்றிற்று.

அப்படிப்பட்ட வேளையில் தூதரகம் முதலில் தேடுவது பெயர்ப் பட்டியலை. போய் இறங்கிய வாரத்திலேயே மாணவன் தன் பெயரையும் விலாசத்தையும் அங்கே பதிந்துகொள்ளலாம், கட்டணமில்லை. பெட்டியில் ஊறுகாய் ஜாடியை வைக்கிற தாய்மார், தூதரகத்தின் டெலிபோன் எண்ணை ஒரு காகிதத்திலெழுதி அதனோடு வைக்கட்டும். பாஸ்போர்ட்டின் பிரதியொன்று வீட்டுப் பீரோவில் இருக்கட்டும்.