களிம்பு படிந்த சுவிட்சு



நமது வீட்டு வாசலில் 1972ஆம் ஆண்டின் அம்பாசடர் கார் ஒன்று நிற்கிறது. மர்ஹூம் வாப்பா அவர்கள் விட்டுச் சென்றது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் செய்துவந்த வண்டி. 2014ஆம் ஆண்டோடு அங்கே அதன் உற்பத்தி நின்றுவிட்டது. விற்றுவிடும்படி உறவினர்கள் பலமுறை கூறினர். ஆனால் நடுநிசியில் பிரசவ வலி கண்ட பெண்ணையும், மூச்சுத் திணறும் முதியவரையும் கூலி வாங்காமல் ராமநாதபுரத்து மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பது வாப்பா அவர்களின் வழக்கமாக இருந்தது. அந்த வழக்கத்தைக் கைவிட மனம் வராததால் காரையும் கைவிடவில்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்திற்குப் பின் டேஷ்போர்டு விளக்கு மினுக்கத் தொடங்கியது. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் அணையும். மேட்டில் ஏறினால் எரியும். அதே சமயம் முன்விளக்கு ஒன்றும் மங்கியிருந்ததால், கடைத்தெருவில் ஆட்டோ எலக்ட்ரீசியன் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் வண்டியை விட்டோம். மாற்று மதத்தைச் சேர்ந்தவர்; வாப்பா காலத்திலிருந்தே பழக்கம். முன்விளக்கைச் சரிசெய்து மாலையில் வண்டியைத் தந்தார். மறுநாள் இரவு பார்த்தால், மினுக்கிக்கொண்டிருந்த டேஷ்போர்டு விளக்கு அடியோடு எரியவில்லை.

அந்த இடத்தில்தான் நாம் சறுக்கினோம். பழைய அம்பாசடரின் அசல் பாகங்களைத் தேடித் திரிவோர் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தோம். 'அசல் சுவிட்சைக் கழற்றிக்கொண்டு போலியை மாட்டிவிட்டார்' என்று நமக்குள் ஓர் எண்ணம் எழுந்தது. எண்ணத்தோடு நின்றிருந்தால் போதும். வீட்டில் சாப்பாட்டு விரிப்பில் பிள்ளைகள் முன்னால் அதைச் சொன்னோம். இஷா தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் இருவரிடமும் சொன்னோம். "முன்போல இல்லை, ஆள் மாறிவிட்டார்" என்பதே நாம் உதிர்த்த சொற்கள். கண்ணால் கண்டது ஒன்றுமில்லை.

சில வாரங்கள் கழிந்தன. ஓரிரவு பக்கத்துத் தெரு மாமிக்கு நெஞ்சடைப்பு. வண்டியை எடுத்தோம். முன்விளக்கு நன்றாக எரிந்தது. ஆனால் நம் முன்னே கடிகாரங்கள் அத்தனையும் கும்மிருட்டு. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது, எஞ்சின் சூடேறுகிறதா, எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த மகன், பன்னிரண்டு வயதுப் பிள்ளை, வழி நெடுகக் கைப்பேசி வெளிச்சத்தை முள்ளின் மேல் பிடித்துக்கொண்டே வந்தான். பெட்ரோல் முள் அடிக்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அல்லாஹ்வின் கிருபையால் போய்ச் சேர்ந்தோம். மாமியும் நலம் பெற்றார். இனியும் இதைத் தள்ளிப்போடலாகாது என்று அன்றே நிய்யத்துச் செய்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, உண்டு, சற்றே ஓய்ந்தபின் மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு அமர்ந்தோம். வயரிங் வேலை நமக்குத் தொழிலன்று. சிறுவயதில் வாப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கற்றது மட்டுமே.

முதலில் எதையும் கழற்றாமல் யோசித்துப் பார்த்தோம். டேஷ்போர்டில் இருப்பவை இரண்டு பல்புகள். இரண்டும் ஒரே நாளில் எரிந்துபோவது அரிது. பெரிய சுவிட்சை ஒரு படி இழுத்தால் பக்க விளக்கும் பின்விளக்கும் எரிகின்றன. டேஷ்போர்டு விளக்குக்கு மின்சாரம் அதே வழியில்தான் வந்து, தனியாக உள்ள ஒரு சிறு குமிழ் சுவிட்சின் ஊடாகச் செல்கிறது. ஆகவே ஃபியூஸ் நலமாகவே இருக்கிறது. பழுது அந்தச் சிறு சுவிட்சிலோ, அதற்கு அப்பாலோதான் இருக்க வேண்டும்.

அடுத்து டெஸ்ட் லாம்ப். ஒரு பல்பு, இரண்டு வயர், அவ்வளவே. ஒரு முனையை வண்டியின் வெறும் இரும்பில் கவ்வவிட்டு, மறு முனையால் சுவிட்சின் பின்புறம் தொட்டோம். மின்சாரம் நுழையும் முனையில் பல்பு எரிந்தது. வெளியேறும் முனையில், குமிழை இழுத்து வைத்தும் எரியவில்லை. வந்த மின்சாரம் சுவிட்சுக்குள்ளேயே நின்றுவிடுகிறது என்பது தெளிவாயிற்று.

பிறகு பேட்டரியின் இணைப்பைக் கழற்றினோம். இதைச் செய்யாமல் டேஷ்போர்டுக்குப் பின்னால் கைவிடுவது ஆபத்து. எங்கும் இரும்பு, ஒரு வயர் உரசினாலும் தீப்பொறி பறக்கும். குமிழின் கழுத்தடியில் ஊசித்தலை அளவில் ஒரு பித்தான் உண்டு. மெல்லிய ஆணியால் அதை அழுத்தினால் குமிழ் கையோடு வந்துவிடும். அதன்பின் முகப்பிலுள்ள வளையத்தைத் திருகிக் கழற்றி, சுவிட்சைப் பின்பக்கமாக வெளியே இழுத்தோம்.

வயரில் ஏதோ சுற்றியிருந்தது. பழுப்பேறிய சிறு காகிதத்துண்டு. மேலே நூல் கட்டு. பிரித்துப் பார்த்தால் வாப்பாவின் கையெழுத்து. அரபுத் தமிழில், அரபு எழுத்துகளால் 'விளக்கு' என்று எழுதியிருந்தார்கள். கணக்குப் புத்தகமும் கடிதமும் அந்த எழுத்திலேயே எழுதிப் பழகிய தலைமுறை. கழற்றினால் எந்த வயர் எங்கே என்று மறந்துபோகாதிருக்க எப்போதோ கட்டி வைத்திருக்கிறார்கள். சுவிட்சின் முனையில் இருந்த ஈயப்பற்று வாப்பாவின் கைவேலை. உருண்டு திரண்டு, அளவுக்கு மிஞ்சியே இருக்கும். அதை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை.

மகன் அதை எழுத்துக்கூட்டி வாசித்தான். பிறகு நம் முகத்தைப் பார்த்து, "அப்படின்னா அந்தப் பெரியவர் சுவிட்சை மாத்தலையா வாப்பா?" என்று கேட்டான்.

நமக்கு மறுமொழி வரவில்லை.

இன்னும் உள்ளே வெளிச்சம் பிடித்துப் பார்த்தபோது மற்றொன்றும் தெரிந்தது. வயர்க் கற்றை ஓர் இரும்பு விளிம்பைக் கடந்து போகுமிடத்தில் புதிய டேப் சுற்றி, விளிம்பில் ரப்பர்த் துண்டும் செருகப்பட்டிருந்தது. உரசி உரசி மேலுறை தேய்ந்த வயர் அது. அப்படியே விட்டிருந்தால் என்றேனும் ஓர் இரவில் வண்டி தீப்பிடித்திருக்கலாம். அந்தப் பெரியவர் அதைக் கண்டு சரிசெய்திருக்கிறார், கூலியில் சேர்க்கவில்லை, சொல்லிக் காட்டவுமில்லை. அவர் அந்தக் கற்றையை அசைத்தபோது, ஏற்கெனவே ஊசலாடிய சுவிட்சின் தொடர்பு முற்றும் விட்டுப்போயிருக்கிறது.

சுவிட்சின் உள்ளே இரண்டு பித்தளைத் தகடுகள். கடற்காற்றின் உப்பு ஈரம் பட்டுப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஒன்றையொன்று தொடுமிடத்தில் தீப்பொறியால் கருமை ஏறியிருந்தது. தகடு தகட்டைத் தொடுகிறது. நடுவில் காகிதத்தினும் மெல்லிய ஒரு படலம். அது போதும் மின்சாரத்தைத் தடுக்க. மிக நைசான எமரித் தாளை மடித்து இடையே விட்டு, பித்தளையின் மஞ்சள் தெரியும்வரை மெதுவாகத் தேய்த்தோம். பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து உலர்த்தினோம். தளர்ந்திருந்த தகட்டை இம்மியளவு வளைத்து அழுத்தம் கொடுத்தோம். பல்பு ஹோல்டர்களில் படிந்த துருவையும் சுரண்டினோம்; அவை டேஷ்போர்டு இரும்பைத் தொட்டால்தானே மின்சாரம் திரும்பிப் போக வழி கிடைக்கும்! வயரைப் பழையபடி மாட்டி, வாப்பாவின் காகிதத்தை அதே நூலால் கட்டினோம். பேட்டரியை இணைத்துக் குமிழை இழுத்ததும் விளக்கு எரிந்தது. மகன் "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். செலவு ஓர் எமரித் தாள்.

சுவிட்சின் வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. நாவால் செய்ததைச் சரிசெய்வது அப்படி முடிகிற வேலையாக இல்லை.

ஹுஜுராத் அத்தியாயத்தை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறோம். ஆதாரமில்லாத சந்தேகத்தையும் புறம் பேசுவதையும் அது எத்துணை வன்மையாகக் கண்டிக்கிறது என்று விரல் மடக்கி விளக்குகிறோம். அந்த விளக்கம் நமது திண்ணைப் பேச்சை எட்டவில்லை. அல்லாஹ்விடம் தவ்பா செய்வது ஒருபுறம். இது அடியானின் ஹக்கு. அவரிடமே போய் நிற்காமல் தீராது.

அஸருக்குப் பின் கடைக்குப் போனோம். "அண்ணே, உங்களைப் பற்றித் தவறாகப் பேசிவிட்டேன், மன்னிக்க வேண்டும்" என்று தொடங்கி, சொன்னதை ஒளிக்காமல் சொன்னோம். அவர் கையிலிருந்த வயரை உரித்துக்கொண்டே கேட்டார்.

"காதுக்கு வந்துச்சு ஹஜ்ரத்" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்தச் சுவிட்சு போகப்போகுதுன்னு அன்னைக்கே பார்த்தேன். சொல்லலாம்னுதான் இருந்தேன். வண்டியை விட்டா வேலையை இழுத்து வைக்கிறான்னு நெனச்சிருவீங்களோன்னு விட்டுட்டேன். சொல்லியிருக்கணும்" என்றார்.

நாம் சந்தேகப்படுவோம் என்று அவர் அஞ்சினார், அதனால் சொல்லவில்லை. அவர் சொல்லாததால் நாம் சந்தேகப்பட்டோம். ஆயினும் அவர் அஞ்சியது வீணான அச்சமன்று என்பதை நாமே மெய்ப்பித்துவிட்டோம். அதுவே நம்மை அதிகம் வருத்தியது.

தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை; "விடுங்க ஹஜ்ரத்" என்றார். அதற்கு மேல் கேட்க நமக்கும் உரிமையில்லை.

அன்றிரவு சாப்பாட்டு விரிப்பில், பிள்ளைகள் முன்னால், நாம் சொன்னது பொய் என்று சொன்னோம். இஷாவுக்குப் பின் அதே திண்ணையில் அந்த இருவரிடமும் சொன்னோம். ஒருவர் தலையசைத்தார். மற்றவர், "நான் என் மச்சானிடம் சொல்லிவிட்டேனே, அவர் இப்போது வேறு கடைக்கல்லவா போகிறார்" என்றார். அந்த மச்சானையும் தேடிப் போய்ப் பார்த்தோம். அவர் யாரிடம் சொன்னார் என்பது அவருக்கே நினைவில்லை. எமரித் தாளுக்கு எட்டாத இடத்திற்குச் சொல் போய்விட்டது. இதை இங்கே எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெற்றோர்களே, வீட்டில் பழுதுபார்க்க வருவோர், கடைக்காரர், ஓட்டுநர் ஆகியோரைப் பற்றிப் பிள்ளைகள் முன்னால் ஒரு சொல் உதிர்க்குமுன் ஒரு தடவை டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள். உதிர்த்துவிட்டால், எந்த விரிப்பில் உதிர்த்தீர்களோ அதே விரிப்பில் திரும்ப எடுங்கள். நாம் தவறியதையும் பிள்ளைகள் பார்த்தார்கள், திருத்தியதையும் பார்க்கட்டும்.

வண்டி இப்போது அந்தப் பெரியவர் கடைக்கே போகிறது. இரவில் குமிழை இழுத்தால் முட்கள் துலங்குகின்றன. அல்லாஹ் நம் உள்ளங்களில் படியும் களிம்பை அவ்வப்போது துடைத்தருள்வானாக. வாப்பா அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.